பாஸ் அவுட்

(பழைய மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்தச் சந்திப்புக்காகச் சங்கத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. பெயர், முகவரிக்கு அடுத்து ஒரு கட்டம்: 'பாஸ் அவுட் ஆன வருடம்'. 1989 என்று எழுதினேன். எழுதிவிட்டு, பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என்ன தலைப்பில் பேசப் போறீங்க என்று செயலாளர் போனில் கேட்டபோது, "அந்தக் கட்டத்தைப் பத்தியே பேசுறேன் சார்" என்றேன். அவர் சிரித்தார். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

நம் ஊரில் பாஸ் அவுட் என்றால் படிப்பை முடித்து வெளியே வருவது. ரிசல்ட் வந்த அன்றைக்கு, எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா, தெருவில் போன ஒருவரையும் விடாமல் "எம்மவன் பாஸ் அவுட் ஆயிட்டாம்லா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அந்தச் சொல்லுக்கு வேறொரு பொருள் இருப்பது அவளுக்கும் தெரியாது. பட்டம் வாங்கிய எனக்கும் தெரியாது.

1993-இல் வளைகுடா நாடு ஒன்றில், கட்டட வேலை நடக்கும் இடத்தில் டைம் கீப்பராக இருந்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு போர்ட்டா கேபின். யார் உள்ளே வந்தார், யார் வெளியே போனார் என்று ரிஜிஸ்டரில் எழுதுவதும், வாக்கி டாக்கியில் வரும் செய்தியை உரியவரிடம் சேர்ப்பதும் என் வேலை. ஜூலை மாதம். நண்பகல் வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்ற சட்டமெல்லாம் நாங்கள் இருந்த இடத்தில் அப்போது கிடையாது.

மணி 12.40. வெள்ளைக்கார சூப்பர்வைசரின் குரல் வந்தது. ஒரு தொழிலாளியின் நம்பரைச் சொல்லி, "பாஸ்ட் அவுட், பி பிளாக்" என்றார். "ஓகே சார்" என்றேன். வெளியே போக அனுமதிச் சீட்டுக்கு 'அவுட் பாஸ்' என்றுதான் எங்கள் பேச்சு. அவுட் பாஸ், பாஸ்ட் அவுட், எல்லாம் ஒன்றுதானே! ஆள் வெளியே போய்விட்டார் என்று எடுத்துக்கொண்டேன். அவர் பெயருக்கு நேரே 'அவுட் 12.40' என்று அழகான கையெழுத்தில் எழுதி வைத்தேன்.

கால் மணி நேரம் கழித்து சூப்பர்வைசர் சட்டையெல்லாம் நனைய ஓடி வந்தார். ஆம்புலன்ஸ் எங்கே என்று கேட்டார். எந்த ஆம்புலன்ஸ் என்று நான் கேட்டேன்.

பி பிளாக்கில் அந்த மனிதர் நினைவு தப்பிக் கிடந்தார். கம்பி கட்டுபவர், ராமநாதபுரம் பக்கத்துக்காரர். கூட இருந்தவர்கள் நிழலுக்குத் தூக்கிவந்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரை எல்லாம் அவர் மேல் ஊற்றியிருந்தார்கள். வெப்பத்தாக்கில் உடம்புச் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். எவ்வளவு சீக்கிரம் குளிர வைக்கிறோமோ அதில்தான் உயிர் இருக்கிறது. அவர்கள் செய்தது சரி. நான் செய்ததுதான் தப்பு.

பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்து, நடந்ததைச் சொன்னேன். "விடுங்க தம்பி, நீங்க டிகிரி படிச்சவரு, எனக்கு என்ன தெரியும்" என்றார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

அந்த மாதச் சம்பளத்தில் ஓர் ஆங்கில அகராதி வாங்கினேன். பாஸ் என்பது நமக்குத் தெரியும், அவுட் என்பதும் தெரியும். இரண்டும் சேர்ந்தால் நமக்குத் தெரியாத மூன்றாவது ஒன்று பிறக்கிறது. இது ஆங்கிலத்துக்கு மட்டும் உள்ள குறும்பு இல்லை. 'கண்ணை மூடினார்' என்றால் தூங்கப் போகிறவராகவும் இருக்கலாம். 'கண் மூடினார்' என்றால் மாலை வாங்கப் போக வேண்டும்.

ஒரே பொருள்போலத் தோன்றும் சொற்களும் ஒன்று அல்ல. ஃபெயிண்ட் என்பது மூளைக்குப் போகும் ரத்தம் சற்றுக் குறைந்து, கொஞ்ச நேரம் மயங்கி எழுவது. பாஸ் அவுட் அதைவிட அகலம். வெயிலிலும் ஆகலாம், குடித்தும் ஆகலாம். பிளாக் அவுட் என்றால் நினைவு தப்புவதும் உண்டு. ஆள் நடமாடிக்கொண்டே இருந்து, நடந்தது எதுவும் பிறகு ஞாபகத்தில் இல்லாமல் போவதும் உண்டு. கொலாப்ஸ் என்றால் சரிந்து விழுவது. விழுந்தவருக்கு நினைவு இருக்கலாம், கட்டடத்துக்கும் அதே சொல்தான். ஸ்வூன் பழைய நாவல் கதாநாயகிகளுக்கு உரியது, அதை விட்டுவிடுவோம். அவசரத்துக்கு ஏற்றது 'அன்கான்ஷியஸ்'. அழகில்லாத சொல்; ஆனால் அதை எந்த டைம் கீப்பரும் தப்பாக எழுத முடியாது.

நம் தமிழிலும் பாருங்கள். 'மயக்கமா வருது' என்றால் தலை சுற்றுகிறது, அவ்வளவுதான். 'மயக்கம் போட்டு விழுந்துட்டார்' என்பது வேறு. முதலாவதை ஃபெயிண்ட் என்று டாக்டரிடம் மொழிபெயர்த்தால் அவர் வேறு பாதையில் யோசிக்க ஆரம்பித்துவிடுவார். வேலைக்கு வெளியூர் போய் அம்மா அப்பாவுக்காக போனில் பேசப் போகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் நாம் பேசுவது தப்பா என்று மாணவர்கள் கேட்கலாம். இல்லை. பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாதெமியில் பயிற்சி முடிப்பவர்கள் நடத்துவது 'பாசிங் அவுட்' அணிவகுப்பு. பிரிட்டனிலும் ராணுவத்துக்கு அப்படிச் சொல்கிறார்கள். நாம் அதைக் கல்லூரிக்கும் சொல்கிறோம். இந்தியாவுக்குள் யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை. வெளிநாட்டுக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் மட்டும் 'கிராஜுவேட்டட்' என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் 1989-இல் மயங்கி விழுந்த கதையைச் சொல்கிறவராகி விடுவீர்கள். அமெரிக்காவில் ஆசிரியர் பேப்பரைக் காட்டி 'பாஸ் அவுட்' செய்யச் சொன்னால், எல்லாருக்கும் கொடு என்று அர்த்தம். பயப்பட வேண்டாம்.

படிவத்தை மாற்றச் சொல்லி நான் செயலாளரிடம் கேட்கவில்லை. என் அம்மா சொன்ன சொல் அது, இருக்கட்டும்.

மணி ஒன்றரை ஆகிறது. பந்தலில் மின்விசிறி ஒன்று ஓடவில்லை, பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் தலை சாய்வது இங்கிருந்தே தெரிகிறது. யாரும் பாஸ் அவுட் ஆவதற்குள் சாப்பிடப் போவோம்.