சுவரொட்டியில் நின்ற குரங்கு



பரிசளிப்பு விழாவிலே சினிமாப் பேச்சா என்று சிலர் முகம் சுளிக்கலாம். பட்டணத்துக்குப் போனால் பிள்ளைகள் பட விளம்பரத்தின் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்கள் என்று தாய்மார்கள் குறைப்படுகிறார்கள். நிற்கட்டும், அம்மா. எப்படிப் பார்ப்பது என்பதை நாம் சொல்லிக்கொடுத்தால் போதும். அதற்காகவே ‘கிங் காங்’ என்ற அமெரிக்கப் படத்தின் சுவரொட்டிகளை ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அடிக்கோலும் கையுமாக ஆராய்ந்தோம்.

முதல் ‘கிங் காங்’ வந்தது 1933இல். சுவரொட்டியில் ராட்சதக் குரங்கு எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் நிற்கிறது. ஒரு கையிலே பெண், மறு கையிலே நொறுங்கும் விமானம். விளம்பரக்காரர்கள் அதன் உயரம் 50 அடி என்றார்கள். படத்திலோ அந்தக் கட்டடக் காட்சியில் ஏறத்தாழ 24 அடிக்குத்தான் காட்டினார்கள். உண்மையில் படம்பிடிக்கப்பட்ட பொம்மை எவ்வளவு தெரியுமா? சுமார் 18 முதல் 24 அங்குலம். நம் பிள்ளைகளின் அடிக்கோலில் ஒன்றரை முதல் இரண்டு கோல், அவ்வளவுதான்! உலோக எலும்பு, ரப்பர் சதை, முயல் தோல். கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து ஒவ்வொரு படமாக எடுத்தார்கள்.

1976இல் அதே கதையை மறுபடியும் எடுத்தார்கள். இந்தச் சுவரொட்டியில் குரங்கு, நியூயார்க்கின் உலக வணிக மையத்து இரட்டைக் கோபுரங்களின் மேல், இதில் ஒரு கால் அதில் ஒரு கால் வைத்து நிற்கிறது. (2001இல் தாக்குதலில் இடிந்து விழுந்தனவே, அவைதான்.) ஒரு கோபுரத்தின் அகலம் ஏறத்தாழ 208 அடி. குரங்கின் பாதம் மாடியில் பாதியை அடைப்பதாக வைத்தால் பாதமே 100 அடி. உயரம் பாதத்தைப் போல் ஆறு மடங்கு என்று கணக்குப் போட்டால் 600 அடி! படத்துக்காகச் செய்த பெரிய இயந்திரக் குரங்கோ 40 அடி. மறுநடவுக்குக் காத்திருக்கும் நம் கிழட்டுச் செம்பனை அந்த உயரம் இருக்கும். படத்தில் குரங்கு ஒரு கோபுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது, கால் பரப்பி நிற்பதில்லை. சுட வருவது ஹெலிகாப்டர்கள். சுவரொட்டியில் அது நசுக்குவது போர் விமானம்.

இவ்வளவு கூட்டிச் சொல்லியும் பார்க்கிறவன் ஏன் நம்புகிறான்? கோபுரத்தால்தான். 1931இல் திறந்த எம்பயர் ஸ்டேட் அன்றைக்கு உலகிலேயே உயரமானது. இரட்டைக் கோபுரங்களும் 1976இல் புதியவை, அந்த நகரத்திலேயே உயர்ந்தவை. ஊருக்கே தெரிந்த பொருளைக் கீழே வைத்துவிட்டால், மேலே இருப்பது எதுவானாலும் நம் கண் தானாகவே அளந்துகொள்கிறது. வகுப்பிலே வெறும் கரும்பலகையில் ஒரு குரங்கை வரைந்தேன். “குரங்கு, சார்” என்றார்கள், அவ்வளவுதான். அதன் காலடியில் சிறியதாக நம் தோட்டத்து லாரியைப் போட்டேன். “ஐயோ!” என்று ஒரே சத்தம். குரங்கை நான் தொடவே இல்லை.

பெண் இருப்பதும் அதற்குத்தான். அந்த முரட்டுக் கைக்குள் வெள்ளைவெளேரென்று ஒரு சின்ன உடம்பு. பயமும் பரிதாபமும் ஒரே பார்வையில் வந்துவிடுகின்றன. ஆனால், என் மனசுக்குக் குறையாகப் படுவது ஒன்று உண்டு. இரண்டு படத்திலும் குண்டு பாயும் முன்னே குரங்கு அவளைப் பத்திரமாகக் கீழே இறக்கிவிடுகிறது. கண் கலங்க வைப்பது அந்த இடம்தான். அதைச் சுவரொட்டியில் போடவில்லை. போட்டிருந்தால் இத்தனை கூட்டம் வந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

இரண்டு சுவரொட்டிகளின் நகலையும் மண்டபத்தின் பின்சுவரில் ஒட்டியிருக்கிறோம். பெற்றோர்கள் தேநீர் குடிக்கப் போகும்போது ஒரு நிமிடம் நின்று பாருங்கள். அடிக்கோல் வேண்டுமானால் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் கையிலே வைத்திருக்கிறார்கள், கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.