கடைசி வரிசையில் நிற்கும் சகோதரர்
(ஜூபிலி விழாப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இந்த ஜூபிலி ஆண்டிலே, நம் கோவிலை எழுப்பக் கல்லும் மண்ணும் சுமந்த முன்னோர்களை நன்றியோடு நினைக்கிறோம். இன்று அவர்களோடு, நம் ஊரார் அல்லாத ஒருவரையும் நினைக்க உங்கள் அனுமதியைக் கோருகிறேன். அவர் தளபதியல்லர், சாதாரணக் காலாட்படை வீரர். பெயர் லான்ஸ் நாயக் ஆல்பர்ட் எக்கா.

இன்றைய ஜார்க்கண்ட் மாநிலம், கும்லா மாவட்டம், ஜாரி கிராமத்தில் 1942 டிசம்பர் 27-ல், உராவோன் பழங்குடியைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். 1962 டிசம்பரில் பீகார் ரெஜிமெண்டில் சேர்ந்தார். 1968-ல் கார்ட்ஸ் படையின் 14-வது பட்டாளம் அமைந்தபோது அதற்கு மாற்றப்பட்டார்.

1971 டிசம்பர் 3-ல் போர் மூண்டது. மறுநாள் விடியுமுன், அகர்தலாவுக்கு மேற்கே கங்காசாகரில் இருந்த பாகிஸ்தான் படையின் அரணை அந்தப் பட்டாளம் தாக்கியது. பதுங்கு குழியிலிருந்து ஓர் இயந்திரத் துப்பாக்கி சுட்டுக்கொண்டேயிருந்தது. தோழர்கள் மடிவதைக் கண்ட எக்கா, தனியாகப் பாய்ந்து அதை அடக்கினார். பலத்த காயம், ஆயினும் பின்வாங்கவில்லை. பிறகு ஒரு கட்டடத்தின் மாடியிலிருந்து இன்னொரு துப்பாக்கி முழங்கியது. தவழ்ந்து சென்று கையெறி குண்டை வீசினார். அது ஓயவில்லை. பக்கச் சுவரேறி உள்ளே புகுந்து அதையும் அடக்கினார். தோழர்களுக்கு வழி திறந்தது. அவர் உயிர் பிரிந்தது. வயது 28. ஊரிலே இளம் மனைவியும் ஒரு மகனும் காத்திருந்தனர். சொந்த ஊருக்கு வெகு தொலைவில், அகர்தலா அருகே அடக்கம் செய்யப்பட்டார். நாடு பரம வீர் சக்கரம் அளித்துப் போற்றியது. அன்று இரு தரப்பிலும் இறந்தவர்களுக்காக நாம் மன்றாடுவோமாக.

இந்த வீரருக்கும் நமக்கும் என்ன உறவு என்பீர்கள். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் தொழிற்சாலை வேலைக்கு ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். இரவு ஷிப்ட் முடிந்த களைப்போடு ஞாயிறு பூசைக்கு வந்து கடைசி வரிசையில் நிற்கிறார்கள். பூசை முடிந்ததும் ஒருவரோடும் பேசாமல் போய்விடுகிறார்கள். "இந்திக்காரப் பையன்கள்" என்று நாம் சொல்கிறோம். நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன், இன்று வெட்கப்படுகிறேன்.

உராவோன் மக்களின் தாய்மொழி இந்தியன்று, குருக். தமிழைப் போல அதுவும் திராவிட மொழியே. நாம் 'நீ' என்பதை அவர்கள் 'நீன்' என்பார்கள். மொழியாலும் விசுவாசத்தாலும் உறவினர். நாமோ பெயர்கூடக் கேட்டதில்லை.

எக்கா உயிரைக் கொடுத்தார். நம்மிடம் யாரும் உயிரைக் கேட்கவில்லை. பெஞ்சிலே சற்று நகர்ந்து இடம் கொடுப்போம். அவர்கள் பெயர்களைப் பங்குப் பதிவேட்டில் எழுதுவோம். வேலையில் அடிபட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓட ஒரு வீடாவது இங்கே உண்டு என்று அவர்கள் அறியட்டும். கிறிஸ்து பிறப்பு விழாவன்று ஒவ்வொரு குடும்பமும் ஒருவரையாவது சாப்பாட்டுக்கு அழைக்கட்டும்.

கல்லால் கட்டிய கோவிலுக்கு ஜூபிலி எடுத்தோம். அன்பால் கட்ட வேண்டிய கோவில் இன்னும் பாக்கி இருக்கிறது. அதற்கு ஆண்டவர் நமக்குத் துணை செய்வாராக.