இயற்கை தந்த உரிமையும் எழுதி வாங்கிய உரிமையும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சட்டம் என்றால் என்ன? அரசு எழுதி முத்திரை குத்துவதெல்லாம் சட்டமா? அப்படியானால் நாளை ஒரு கொடுமையை எழுதி முத்திரை குத்தினால் அதுவும் நியாயமாகிவிடுமா?

ஆகாது என்று சொன்ன பழைய கொள்கைகளில் ஒன்றுதான் இயற்கைச் சட்டம். 13ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் பிறந்த தாமஸ் அக்குவினாஸ் என்ற துறவி அதை விரித்து எழுதினார். உயிரைக் காப்பது, பிள்ளைகளை வளர்ப்பது, உண்மையை அறிவது, கூடி வாழ்வது ஆகிய நாட்டங்கள் மனித இயல்பிலேயே இருக்கின்றன. அவை நன்மை என்பதை அறிவு காண்கிறது. இயற்கைச் சட்டத்துக்கு மாறாக எழுதப்படும் சட்டம் சட்டமல்ல, சட்டத்தின் சீரழிவு என்றார்.

இதன் வலிமையை நம் நாடே கண்டது. நெருக்கடி நிலையில், 1976 ஏப்ரலில், காவலில் வைக்கப்பட்டவர்கள் தம் விடுதலைக்காக நீதிமன்றத்தை நாட முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் நால்வர் தீர்ப்பளித்தனர். ஐந்தாமவரான எச்.ஆர். கன்னா மட்டும் மறுத்தார். உயிர் வாழும் உரிமை அரசியல் சட்டம் போட்ட பிச்சையல்ல, அதற்கு முன்பே உள்ளது என்பது அவர் நிலை. தலைமை நீதிபதிப் பதவி அவரைத் தாண்டிப் போனது. ஆனால் 2017இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 1976 தீர்ப்பைத் தூக்கி எறிந்தது.

நம்மைத் தொட்ட வழக்கும் உண்டு. 1981 ஜூலையில், அன்றைய பம்பாயில் நடைபாதைக் குடிசைகளை இடித்து, அங்கிருந்தவர்களைச் சொந்த ஊருக்கே அனுப்ப அரசு முடிவெடுத்தது. வறட்சியால் வேலையிழந்து சேலத்திலிருந்து வந்த ஒரு தொழிலாளியும் குடும்பத்தோடு பேருந்தில் ஏற்றப்பட்டார். பிழைப்புக்காக அவர் திரும்பி வந்தார், வழக்கும் தொடுத்தார். பிழைக்கும் வழியைப் பறித்தால் உயிரைப் பறித்ததாகும் என்பதை 1985 ஜூலை 10இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது.

கொள்கையில் வென்றோம். குடிசை நின்றதா? இல்லை! நடைபாதையில் குடியிருக்க உரிமையில்லை, முன்னறிவிப்புக் கொடுத்து அகற்றலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. கிடைத்தது அக்டோபர் 31 வரை அவகாசம். மாற்று இடம் தரவேண்டும் என்று சொல்லப்பட்டது, 1976 கணக்கெடுப்பில் அடையாள அட்டை பெற்றவர்களுக்கு. இயற்கைச் சட்டம் வாசலைத் திறக்கும். ஆனால் அது கூரை போட்டுத் தராது. இது முதல் குறை.

இரண்டாவது குறை இதைவிடப் பெரிது. எது இயற்கை என்று சொல்வது யார்? சிலர் இயற்கையாகவே அடிமைகள் என்று எழுதினார் அரிஸ்டாட்டில். 1860இல் வெள்ளையர் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு, மனமொத்த இருவரின் உறவையும் 'இயற்கைக்கு மாறானது' என்று குற்றமாக்கியது. அது நீங்க 2018 ஆயிற்று. பிறப்பிலேயே உயர்வு தாழ்வு என்று சொன்னவர்களும் அதைப் படைப்பின் நியதி என்றுதான் சொன்னார்கள். 1927இல் மகாத் குளத்து நீரை அள்ளிக் குடித்து டாக்டர் அம்பேத்கர் அதற்குப் பதில் சொன்னார். தாகம் எல்லோருக்கும் பொது, தோழர்களே! தீண்டாமை மனிதன் கட்டிய வேலி.

ஆகவே, 'இது இயற்கை' என்று எவர் சொன்னாலும் இரண்டு கேள்வி கேட்போம். சொல்பவர் யார்? சுமப்பவர் யார்? பெண் வீட்டோடு இருப்பதே இயற்கை என்று நம் வீட்டுக்குள் சொல்லப்படும்போதும் அதையே கேட்போம்.

மனிதன் என்பதாலேயே நமக்கு உரிமை உண்டு. அதை ஒருபோதும் விட்டுக்கொடுக்க மாட்டோம். ஆனால் அந்த உரிமையைச் சட்டத்தில் எழுத வைப்பதும், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, கணக்கெடுப்புச் சீட்டு ஆகியவற்றைப் பத்திரமாகக் காப்பதும் நம் வேலை. அறம் நம் பக்கம் இருக்கட்டும். ஆதாரமும் நம் கையில் இருக்கட்டும்!