மாற்று வழியும் செப்பமான பதிவும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



திம்புள்ளையில் வளர்ந்த எமக்கு மாற்று வழியின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மழைக்காலத்தில் மண் சரிந்து வீதி மறிபட்டால், தோட்டப் பாதையாற் சுற்றியேனும் வீடு சேர்கிறோம்.

கணினி உலகிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. கேட்பவருக்கும் விடையளிக்கும் கணினிகளுக்கும் நடுவே நின்று வேண்டுகோளைச் சேர்ப்பிப்பது புரொக்சி சேவையகம். பின்னால் நிற்கும் கணினியொன்று விழுந்தால் வேலையை மற்றொன்றிடம் ஒப்படைப்பது பெயிலோவர். 2001இல் வில்லி டரோ வெளியிட்ட எச்ஏபுரொக்சி இதற்குப் பேர்பெற்றது. நலம் விசாரிக்கப் பணித்தால், வேறு அளவு கூறாதவிடத்து, அது 2 வினாடிக்கொருமுறை விசாரிக்கும். தொடர்ந்து 3 முறை தவறினால் விழுந்ததென்று கொள்ளும்; தொடர்ந்து 2 முறை நன்கு விடையிறுத்தால் எழுந்ததென்று ஏற்கும். எம் நாட்டவர் பெரும் பங்காற்றிய அப்பாச்சி சினாப்ஸ் மென்பொருளிலும் பெயிலோவர் உண்டு.

சென்ற விடுமுறையிலே, சிறிய புரொக்சி ஒன்றிற்கு இவ்வேற்பாட்டை யாம் எழுதினோம். மாற்றங்களைக் காரணக் குறிப்புடன் பதிந்து வைப்பது, 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆக்கிய கிட் என்னும் கருவி. அதன் ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட். யாமோ பெயர் மாற்றம், நலம் விசாரித்தல், வழி மாற்றுதல் அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி, "திருத்தம்" என்ற ஒற்றைச் சொல்லோடு அனுப்பினோம். எது எதற்கென்று விளங்கவில்லையென மூட்டை திரும்பி வந்தது. மனம் நொந்தோம்.

மடுவத்திலே கொழுந்தை நிறுக்குமுன் முற்றிய இலையைப் பொறுக்கி எறியும் தாய்மாரைக் கண்டு வளர்ந்த நாம் இதனை மறக்கலாமோ? மீண்டும் அமர்ந்து பிரித்தோம். முதலிற் பெயர் மாற்றம் மட்டும்; அடுத்து விசாரணை; பின் வழி மாற்றம்; அதன்பின் பழைய கணினிக்குத் திரும்புதல். ஒவ்வொன்றும் தனித்து இயங்கவும் சோதனையிலே தேறவும் வேண்டுமென விதித்தோம். நான்காவது தேறவில்லை! இடையிலே விசாரணை தவறினாலும் எமது நிரல் முன்னைய வெற்றிக் கணக்கை அழிக்காது வைத்திருந்தது. ஆகவே தள்ளாடும் கணினியை எழுந்ததென நம்பி வேலையைக் கொடுத்தது. மூட்டைக்குள் மறைந்திருந்த பிழை, பிரித்தபோது வெளிப்பட்டது. பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில் அப்பிழை தலைகாட்டியிருந்தால் எத்தனை பிள்ளைகள் தவித்திருப்பர்!

செப்பமான பதிவால் பின்னரும் பயனுண்டு. பைசெக்ட் என்ற முறை பதிவுகளைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும். 1,024 பதிவுகளுள் ஒளிந்த பிழையை ஏறத்தாழ 10 சோதனைகளிற் காட்டும். அகப்படுவது சிறு பதிவாயின் பிழை கையில். மூட்டையாயின் தேடல் மறுபடி தொடக்கம்.

"எழுதியதை மாற்றுவது பொய்க்கணக்கு அன்றோ?" எனப் பெரியோர் வினவலாம். தக்க வினாவே. செக்ரோலில் ஏறிய பெயரை அழித்தால் ஒருவர் கூலி போகும் என்பதை அறிந்த மக்கள் நாம். ஆதலால் பிறரோடு பகிர்ந்து, அவர்கள் அதன்மேல் வேலை தொடங்கிய பதிவைத் தன்னிச்சையாக மாற்றலாகாது. பகிருமுன் உள்ளது முதற்பிரதி. அதனைத் திருத்துவது கடமை. மிஷன் பாடசாலையிற் கட்டுரையைச் சுத்தப்பிரதி செய்து ஒப்படைக்கப் பழகியவர் யாம். அப்பழக்கம் இங்கே கைகொடுத்தது.

அன்பர்களே, விழும் வேளைக்கென அமைப்பதே மாற்று வழி. அவ்வேளையில் அதனைத் திறந்து பார்ப்பவர் நாமாக இல்லாதிருக்கலாம். முகமறியாத அவருக்கு வழி விளங்க எழுதிவைப்போமாக!