பேசாப் பொருளா சமயமும் அரசியலும்?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



"தம்பி, உனக்கேன் உந்தக் கதை?" என்ற கேள்வியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சமயத்தையும் அரசியலையும் நாலு பேர் கூடிய இடத்திற் கதைத்தால் உறவு முறியும், பகை வளரும் என்பது வீட்டுக்கு வீடு வழங்கும் புத்திமதி. அது எவ்வளவு தூரம் சரி என்று ஆராய்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

முதலில் மூத்தோர் பக்கத்து நியாயத்தைச் சொல்வோம். இப்புத்திமதி கோழைத்தனத்திற் பிறந்ததன்று. 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்திலே, சொன்ன ஒரு சொல்லுக்காக உயிர் போனதுண்டு. யார் யாரிடம் எதைச் சொல்வார் என்று அறியமுடியாத அந்நாட்களில், பிள்ளைகளைக் காக்கப் பெற்றோர் கையில் இருந்த கருவி மௌனமே. அதனைப் பழிக்க எமக்கு உரிமையில்லை. ஆயினும், நோய்க்காலத்து மருந்தையே வாழ்நாள் முழுவதும் உணவாக உண்ணலாமா?

எம் முன்னோர் இவ்விஷயங்களைப் பேசாது ஒதுங்கியவர்களல்லர். மணிமேகலை வஞ்சி நகரத்திலே பல சமயவாதிகளிடமும் சென்று அவரவர் கொள்கையைப் பொறுமையோடு கேட்டாள். சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என இரு பகுதிகளாக அமைந்த நூல். அருணந்தி சிவாசாரியார் பரபக்கத்திலே பிறர் மதத்தை முதலில் எடுத்துரைத்துப் பின்னரே மறுக்கின்றார். மாற்றான் கொள்கையைச் சரிவரச் சொல்ல இயலாதவனுக்கு அதை மறுக்கத் தகுதியில்லை என்ற பாடத்தை அந்நூலின் அமைப்பே கற்பிக்கின்றது.

ஆறுமுக நாவலர் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலே துணைபுரிந்தவர். பின்னர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவருடைய கண்டனங்கள் கடுமையானவை. ஆனால், தாம் மறுத்த நூலை அவர் நன்கு கற்றிருந்தார். மிஷன் பாடசாலையிற் படித்த சைவப் பிள்ளைகளாகிய நாமும் காலையில் ஞானப்பாட்டும் மாலையில் தேவாரமும் பாடியவர்களே. அதனால் எமது சைவம் குன்றவில்லை. அயலவரின் பக்தியை மதிக்கும் பழக்கமே கூடியது.

அரசியலுக்கு வருவோம். 1924இல் யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரஸாகத் தோன்றி வாலிபர் காங்கிரஸாக வளர்ந்த இயக்கத்திலே, ஹண்டி பேரின்பநாயகம் முதலியோரோடு சைவரும் கிறிஸ்தவரும் ஒன்றாக அமர்ந்து சுயராச்சியத்தையும் சாதி ஒழிப்பையும் பற்றி வாதித்தனர். 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவேற்றவர்களும் அவ்வாலிபர்களே. 1931இல் அவர்கள் நடத்திய தேர்தற் பகிஷ்காரம் சரியோ பிழையோ என்பது இன்றும் வாதத்துக்குரியது. அவர்கள் வாய் திறந்து பேசினார்கள் என்பது மட்டும் ஐயத்துக்கு இடமற்றது. அரசியல் பேசாத வீட்டிலே வாக்கு எவ்வாறு தீர்மானிக்கப்படும்? சாதி பார்த்து, உறவு பார்த்து, கடைசி இரவில் வாசலில் விழும் துண்டுப்பிரசுரம் பார்த்துத்தானே!

மௌனத்தினால் பேச்சு ஒழிவதில்லை. அது முதுகுக்குப் பின்னே போய்விடுகிறது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின், அயல்வீட்டு முஸ்லிம் நண்பரிடம் நேரிற் கேட்கவேண்டிய கேள்விகளைக் கேட்காது, கைத்தொலைபேசியில் வந்த வதந்திகளை நம்பியோர் பலர். அடுத்த மாதமே வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. முகம் பார்த்துப் பேசாத ஊரிலே வதந்திக்கு மறுப்புச் சொல்ல ஆள் இல்லை.

ஆகவே, பேசத்தான் வேண்டும். ஆனால் முறையோடு பேசவேண்டும். நான்கு விதிகளை முன்வைக்கின்றோம்.

ஒன்று: எதிரிலிருப்பவரின் கருத்தை அவரே "ஓம், அதுதான்" என்று ஒப்பும்படி சொல்லிவிட்டுப் பின்னரே மறுக்கவேண்டும்.

இரண்டு: ஒரு சமூகத்தார் எதிரே இருந்தாற் சொல்லத் துணியாததை அவர்கள் இல்லாத இடத்திலும் சொல்லலாகாது. வள்ளுவர் புறங்கூறாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார்.

மூன்று: இடமறிதல். செத்த வீட்டிலும் நோயாளியின் கட்டிலருகிலும் வாதம் வேண்டாம். எமக்குக் கீழ் வேலை செய்பவரிடம் எமது சமயத்தையோ கட்சியையோ திணிப்பதும் தகாது. திருப்பிப் பேச முடியாதவரோடு பேசுவது சம்பாஷணையன்று.

நான்கு: தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவு வேண்டும்.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். நீங்கள் கண்டவற்றையும் பட்டவற்றையும் எமக்குச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாதுவிட்டால், எவரோ எழுதும் கதையையே நாம் வரலாறென்று கற்போம்.

இளைஞர்களே, மாதத்தில் ஒரு மாலை எமது வாசிகசாலையிலே கூடுவோம். தேவாலயத்து இளைஞரையும் பள்ளிவாசல் இளைஞரையும் அழைத்து, பக்கத்தில் இருத்தி, தேநீர் கொடுத்து, முதலில் அவர்கள் சொல்வதைக் கேட்போம்.