குழாய் வாசரும் கூலி பாக்கியும்



சொட்டும் குழாய் இல்லாத வீடு அரிது. பகலில் நாம் அதைக் கவனிப்பதில்லை. இரவில் வீடு அடங்கிய பிறகுதான் அந்தச் சத்தம் காதில் விழுகிறது. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. ஏறத்தாழ 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லிலிட்டர். அப்படியென்றால், நாளொன்றுக்கு நான்கு லிட்டருக்கு மேல் நல்ல தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது.

எங்கள் பங்கு இல்லத்துச் சமையலறையிலும் ஒரு குழாய் இப்படிச் சொட்டியது. திருகி மூடும் பழைய பித்தளைக் குழாய். அதற்குள் ஒரு ரப்பர் வாசர் இருக்கும். நாளடைவில் அது தேய்ந்துவிடும். அப்போது நாம் என்ன செய்கிறோம்? இன்னும் பலமாகத் திருகி மூடுகிறோம். வாசர் மேலும் நசுங்குகிறது, சொட்டும் கூடுகிறது.

“பிளம்பரைக் கூப்பிட்டால் 300 ரூபாயாவது ஆகும்” என்றார் உபதேசியார். பத்து ரூபாய் வாசருக்கு முந்நூறா என்று நினைத்தோம். ஒரு சனிக்கிழமை பிற்பகல், நாங்கள் இருவருமே வேலையில் இறங்கினோம்.

முதலில் மொட்டைமாடித் தொட்டியின் கேட் வால்வை மூட வேண்டும். ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாததால் அது அசையவில்லை. பலம் கொடுத்ததும் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. வேறு வழியின்றித் தொட்டித் தண்ணீரை எல்லாம் திறந்துவிட்டோம். வாங்கி வந்த வாசர் அளவு சேரவில்லை. இரண்டாம் முறை கடைக்கு ஓட வேண்டியதாயிற்று. குழாயும் ஆடுகிறதே என்று அதை முழுதாகக் கழற்றி, மரையில் டெஃப்ளான் டேப் சுற்றினோம். திருகும் திசையிலேயே டேப்பைச் சுற்ற வேண்டும். நாங்கள் எதிர்ப்பக்கமாகச் சுற்றியதால், குழாயைத் திருகத் திருக அது பிரிந்து வெளியே வந்தது.

மோட்டார் போட்டுப் பார்த்தோம். மூட்டில் கசிவு. “இன்னும் ஒரு சுற்று” என்று ரிஞ்சை அழுத்தினோம். சுவருக்குள் ‘டக்’கென்று ஒரு சத்தம். உள்ளே இருந்த பிளாஸ்டிக் எல்போ வெடித்து, டைல்ஸ் இடுக்கெல்லாம் தண்ணீர். ஒருவர் வாசரைக் குறைசொன்னோம், மற்றவர் கடைக்காரரைக் குறைசொன்னோம். கோவிலுக்கும் அதே தொட்டிதான். மறுநாள் காலைத் திருப்பலிக்கு வரும் மக்கள் கைகழுவக்கூடத் தண்ணீர் இல்லை.

இரவு எட்டு மணிக்கு அந்தப் பிளம்பரையே அழைத்தோம். சாப்பாட்டில் இருந்தவர் எழுந்து வந்தார். சமையலறைக்குப் போகும் பைப்பை அறுத்து மூடி போட்டார். மற்ற இடங்களுக்குத் தண்ணீர் வந்தது. “எல்போவைத் திங்கட்கிழமை சுவரை உடைச்சு மாத்திடலாம் சாமி. கையால இறுக்கிட்டு, ரிஞ்சுல ஒண்ணு ரெண்டு சுத்து போதும். அதுக்கு மேல பிளாஸ்டிக் தாங்காது” என்றார். ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை.

அன்பானவர்களே, இதுவரை ஒன்றைச் சொல்லாமல் விட்டோம். அவரை முதலிலேயே அழைக்காததற்கு 300 ரூபாய் மட்டும் காரணம் இல்லை. பங்குத் திருவிழாவுக்குத் தற்காலிகக் குழாய்கள் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். அதில் 1,200 ரூபாய் பாக்கி. “கணக்கு முடியட்டும், தருகிறோம்” என்று சொல்லி நான்கு மாதம் ஆகியிருந்தது. பாக்கி வைத்தவரின் முகத்தைப் பார்க்கக் கூச்சம். அந்தக் கூச்சத்தைத்தான் சிக்கனம் என்று சொல்லிக்கொண்டோம்.

அவர் அன்றிரவும் அந்தப் பாக்கியைப் பற்றி வாய் திறக்கவில்லை. அது எங்களை இன்னும் சுட்டது. அவருக்கும் வீட்டு வாடகை உண்டு, பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு உண்டு. பழைய பாக்கியையும் அன்றைய கூலியையும் சேர்த்து அவர் கையில் கொடுத்து, தாமதத்திற்கு மன்னிப்புக் கேட்டோம்.

1955-ஆம் ஆண்டு திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், மே 1-ஐத் தொழிலாளரான புனித யோசேப்பின் விழாவாக ஏற்படுத்தினார். ஆண்டுதோறும் அந்த நாளில் பீடத்தில் நின்று உழைப்பைப் புகழ்கிறோம். அதே உழைப்பாளி வீட்டு வாசலில் நிற்கும்போது பேரம் பேசுகிறோம், “நாளைக்கு வா” என்கிறோம். பெரிய கடைகளில் போட்ட விலையை மறுபேச்சின்றிக் கொடுப்பவர்களும் நாம்தான்.

வீட்டு வேலையை நாமே செய்து பழகுவது நல்லதுதான். அதனால் ஒரு வாசரை மாற்றுவதில் எவ்வளவு பொறுமையும் கைப்பக்குவமும் இருக்கிறது என்று நமக்குத் தெரியவருகிறது. தெரிந்த பிறகு, அதற்குரிய கூலியைக் குறைக்க மனம் வரக்கூடாது.

இந்த வாரம் இரண்டு காரியம் செய்வோம். வீட்டுக் கேட் வால்வை ஒருமுறை மெதுவாக மூடித் திறந்து பார்ப்போம். துணி தேய்ப்பவர், எலக்ட்ரீசியன், வீட்டு வேலைக்கு வரும் அக்கா என்று யாருக்காவது கூலி பாக்கி இருந்தால், அவர் கேட்கும் முன்பே நாமே போய்க் கொடுப்போம்.

தச்சுப் பட்டறையில் வளர்ந்த நம் ஆண்டவர் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.