மானைத் தேடிப் போனவன்



நம் இலக்கியங்களில் வேட்டைக்குப் போனவர்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். மான் தேடிப் போய் மானோடு வீடு திரும்பியவர் அநேகமாக எவருமில்லை. இராமன் பொன்மானைத் துரத்தினான். அம்பு பட்டதும் அது மாரீசனாகி விழுந்தது. திரும்பி வந்தபோது பர்ணசாலையில் சீதை இல்லை. பாண்டு மன்னன் எய்த மான், மானுருவில் இருந்த கிந்தம முனிவர். அவன் கொண்டு வந்தது சாபத்தை. காளிதாசனின் துஷ்யந்தன் ஒரு மானின் பின்னால் தேரை விரட்டிக் கொண்டு போனான். தவசிகள் குறுக்கே நின்று தடுத்தார்கள். அவன் கண்டது சகுந்தலையை.

நமது நாட்டிலும் அப்படித்தான். மகாவம்சம் சொல்லும் தேவநம்பிய தீசன், இன்று மிகிந்தலை என்று நாம் அழைக்கும் மிஸ்ஸக மலைக்கு வேட்டையாடத்தான் போனான். மான் ஒன்று முன்னே ஓட, அவன் பின்னே ஓடினான். அங்கே ஒரு துறவி நின்று, அரசனென்றும் பாராமல், பெயர் சொல்லி அவனை அழைத்தார். இந்த நாட்டின் சமய வரலாறே அந்த ஒரு வேட்டையில் திசை திரும்பியது. சேக்கிழார் காட்டும் திண்ணனாரும் தம் கன்னி வேட்டையில் பன்றியைத் துரத்திக் கொண்டுபோய்க் காளத்தி மலையைக் கண்டு கண்ணப்பரானார்.

இந்தப் பெரிய வரிசையின் கடைசியில், கூச்சத்தோடு, நானும் நிற்கிறேன். 1974-ஆம் ஆண்டு, என் இருபத்தேழாம் வயதில், எஹலியகொடையை அடுத்த ஓர் இறப்பர் தோட்டத்தில் நான் மான் வேட்டை பழகினேன். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

அந்த ஆண்டை மறந்திருக்க மாட்டீர்கள். கூப்பன் அரிசி குறைந்தது. பாணுக்கு விடியற்காலையில் வரிசை. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அரிசி கொண்டு போகவே கட்டுப்பாடு. கிராமத்தவருக்குக் கொல்லைப்புறம் என்று ஒன்று இருந்தது. லயத்துக்கு அதுவும் இல்லை. தோட்டங்களில் பட்டினியால் மனிதர்கள் இறந்தார்கள். நான் பால் வெட்டும் தொழிலாளி. மாசி மாதத்தில் இறப்பர் மரம் இலை உதிர்க்கும், பால் குறையும், வேலை நாளும் குறையும். வீட்டில் அம்மா, தங்கை, நான் என மூன்று வயிறுகள்.

தோட்டத்துக்கு மேலே காடு. காட்டில் மான் இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். சிக்கல் என்னவென்றால், அதை எப்படிப் பிடிப்பது என்று சொல்லித்தர ஆளில்லை. என் தாத்தா திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர். ஊரில் வலை விரித்து முயல் பிடித்த கதைகளை அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். கதை கடல் தாண்டியது, கைப்பழக்கம் தாண்டவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தது பால்கத்தி ஒன்றுதான். துரைமாரின் வேட்டையோ வேறு உலகம். சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1850-களை ஒட்டிய காலத்தில் நுவரெலியாவில் இருந்துகொண்டு, நாய்க்கூட்டத்தோடு மரை வேட்டையாடியதைப் பெரிய புத்தகமாகவே எழுதியிருக்கிறார். அது பசிக்காக ஆடிய வேட்டையல்ல. துப்பாக்கி என்ற பேச்சுக்கும் இடமில்லை. 1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போது கிராமத்து வீடுகளிலிருந்த வேட்டைத் துப்பாக்கிகள்தாம் கிளர்ச்சிக்காரரின் கைக்குப் போயின. அதன்பின் துப்பாக்கி என்று வாய் திறக்கவே பயம். நானோ எந்த நாட்டான் என்பதே முடிவாகாத ஆள். உரிமம் கேட்கப் போனால் முதற் கேள்விக்கே என்னிடம் பதில் கிடையாது.

திண்ணனாருக்கு வில் பழக்கத் தந்தை நாகன் ஆசிரியர்களை வைத்தான். ஏகலைவனுக்குக் கூட மண்ணால் செய்த ஒரு துரோணர் இருந்தார். எனக்கு அதுவும் இல்லை. ஆகவே படித்த புத்தகங்களை நம்பிப் போனேன். முதல் தவறு அங்கேதான்.

நான் தேடியது புள்ளிமானை. பாட்டிலும் படத்திலும் கோயில் சுவரிலும் நான் கண்ட மான் அதுதான். கூட்டமாக மேயும், கிளைக்கொம்பு இருக்கும், உடலெல்லாம் வெள்ளைப் புள்ளி. இரண்டு வாரம் தேடினேன். பிறகுதான் தெரிந்தது, புள்ளிமான் நம் நாட்டில் உலர்வலயத்துப் பிராணி என்று. மழை ஓயாத எங்கள் பக்கத்துக் காட்டில் அது இல்லவே இல்லை. இல்லாத ஒன்றை அத்தனை பக்தியோடு தேடிய வேட்டைக்காரன் நானாகத்தான் இருப்பேன்.

எங்கள் காட்டில் இருந்தவை இரண்டு. ஒன்று சருகுமான், சிங்களத்தில் மீமின்னா. முயலைவிடச் சற்றுப் பெரிது, கொம்பு கிடையாது. நம் ஈரவலயத்துச் சருகுமான் தனி இனம் என்று 2005-இல் ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். என் காலடியில் ஓடியது உலகில் வேறெங்கும் இல்லாத பிராணி என்று அன்று எனக்குத் தெரியாது. மற்றது கேளையாடு, சிங்களத்தில் ஓலு முவா. செம்பழுப்பு நிறம், ஆட்டின் அளவு, பெரும்பாலும் தனியாகவே திரியும். ஆபத்தென்று பட்டால் நாயைப் போலக் குரைக்கும். ஒரு தடவையல்ல, விட்டு விட்டு நெடுநேரம் குரைக்கும். அந்தக் குரைப்பை நான் சிறு வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். யாருடைய நாயோ என்று நினைத்திருந்தேன்.

இரண்டாவது தவறு என் உடம்பு. இறப்பர் ஸ்டோரில் பாலை உறைய வைக்க ஊற்றும் அமிலத்தின் நெடி, ஒட்டுப்பாலின் நாற்றம், இரண்டும் என் தோலிலேயே ஊறியிருந்தன. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பாராமல் போவேன். நான் போய்ச் சேருமுன் என் நாற்றம் போய்ச் சேர்ந்துவிடும். மூன்றாவது தவறு என் கால். இலையுதிர் காலத்தில் இறப்பர் மலையில் நடப்பது அப்பளத்தின் மேல் நடப்பது மாதிரி. காடு முழுக்க என் வரவு கேட்கும்.

சொல்லித்தர ஆளில்லாதவன் ஒவ்வொன்றையும் தோற்றுத்தான் கற்கவேண்டும். ஒவ்வொரு தோல்வியையும் எனக்குச் சுட்டிக்காட்டியது அந்தக் கேளையாடுதான். குரைத்தால் நான் தவறு செய்துவிட்டேன் என்று பொருள். எத்தனை தூரத்தில் குரைத்தது, காற்று எந்தப் பக்கம், கடைசியாக நான் எந்தக் காலை எங்கே வைத்தேன் என்று யோசிப்பேன். மெல்ல மெல்லப் பழகினேன். குதிகாலை ஊன்றாமல், பாதத்தின் வெளி ஓரத்தை முதலில் வைப்பது. மரத்தோடு மரமாக உட்காருவது. அட்டை ஏறினாலும் கை அசையாமல் இருப்பது. பள்ளத்தில் ஆள் நடந்தால் மேட்டில் எப்படிக் கேட்கும் என்று அறிவது. ஒரு மாதம் கழித்து ஒரு காலையில், முப்பது அடி தூரத்தில் அது வந்து நின்று தளிர் கடித்ததைப் பார்த்தேன். அது குரைக்கவில்லை. ஆசான் என்று யாரையாவது நான் சொல்வதானால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் பார்ப்பதால் பசி அடங்காது. என் கையில் கல்கூட இல்லை. அன்றிரவு கம்பிக் கண்ணி ஒன்று செய்தேன். அது வரும் தடத்தில் வைத்தேன்.

மூன்றாம் நாள் விடியற்காலை அலறல் கேட்டு ஓடினேன். கண்ணியில் கிடந்தது மானல்ல, மனிதர். காலை, மாலை இரு வேளையும் கித்துள் சீவ மேலே வருகிற கிராமத்துக்காரர். வயது நாற்பத்தைந்து இருக்கும். கணுக்காலில் கம்பி இறுகி, சதையை அறுத்து இரத்தம் வழிந்தது. முட்டி உடைந்து தெலிஜ்ஜ முழுவதும் சருகில் ஓடியிருந்தது. மான் நடக்கும் தடத்தில் மனிதரும் நடப்பார் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

நேயர்களே, அந்தக் கணத்தில் என் மனதில் முதலில் எழுந்தது இரக்கம் என்று சொன்னால் பொய். பயம்தான் எழுந்தது. சிங்களக் கிராமத்தவரின் காலைத் தோட்டத்துத் தமிழன் வைத்த கம்பி அறுத்திருக்கிறது. அவர் ஊருக்குள் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எங்கள் லயம் என்ன ஆகும்? ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். கால் நகரவில்லை. உட்கார்ந்து கம்பியைக் கழற்றினேன். "நான்தான் வைத்தேன் அய்யா" என்றேன். சிங்களத்தில் அய்யா என்றால் அண்ணன். நான் தமிழ் அய்யாவாகச் சொன்னேன். அவர் சிங்கள அய்யாவாகக் கேட்டுக் கொண்டார்.

"எதற்கு மல்லி?" என்றார்.

"வீட்டில் சாப்பாடு இல்லை."

சிறிது நேரம் என்னைத் திட்டினார். நன்றாகவே திட்டினார். பிறகு என் தோளைப் பிடித்துக் கொண்டு எழுந்தார். அவர் வீட்டுக்கு அவரைத் தாங்கிக் கொண்டு போனேன். திரும்பும்போது அவர் மனைவி இரண்டு பிஞ்சுப் பலாக்காயும் ஒரு பொட்டலம் கித்துள் மாவும் என் கையில் வைத்தார். பலா மரத்தைச் சிங்கள மக்கள் சோற்று மரம் என்பார்கள். ஆர்தர் வி. டயஸ் என்ற பெரியவர் நாடெங்கும் பலாக் கன்று நடச்சொல்லி ஊக்குவித்து 'கொஸ் மாமா' என்றே பெயர் பெற்றார். எங்கள் தோட்ட எல்லையிலும் பலா நின்றது. அதைப் பழமாகத் தின்ன மட்டுமே எங்களுக்குத் தெரியும். காயாகச் சீவி, அவித்து, தேங்காய்ப்பூ தூவிச் சோற்றுக்குப் பதிலாகத் தின்பதை என் தங்கை அந்த அம்மாவிடம்தான் பழகினாள். அந்தப் பஞ்சத்தை நாங்கள் பலாக்காயால் கடந்தோம். கண்ணிக் கம்பியை அவர் எனக்குத் திருப்பித் தரவேயில்லை. கொடியாகக் கட்டித் துணி காயப்போட்டிருந்தார்.

கதையை இங்கே நிறுத்தினால் அழகாக இருக்கும். ஆனால் 1981 ஓகஸ்டு வந்தது. இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்ட லயங்கள் எரிந்த மாதம். அந்தக் கித்துள்கார அய்யா எங்களை மறைத்து வைத்துக் காப்பாற்றினார் என்று சொல்லவும் எனக்கு ஆசைதான். அப்படி நடக்கவில்லை. இரண்டு வருடம் முன்பே அவர் காலமாகிவிட்டார்.

அந்த இரவுகளில் நாங்கள் காட்டில் கிடந்தோம். பதினான்கு பேர், அதில் மூன்று கைக்குழந்தைகள். காற்றுக்கு எதிர்ப்பக்கம் எல்லோரையும் உட்கார வைத்தேன். பீடி பற்ற விடவில்லை. சருகில் எப்படிக் கால் வைப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். வேட்டையாடுவதற்காகப் பழகியதையெல்லாம், வேட்டையாடப்படுகிறவனாக இருந்து பயன்படுத்தினேன். இரண்டாம் நாள் இரவு, கீழ்ப் பள்ளத்தில் கேளையாடு குரைக்கத் தொடங்கியது. விட்டு விட்டு, நிறுத்தாமல். எல்லோரையும் எழுப்பி மேட்டுப் பக்கம் நகர்த்தினேன். அது மனிதரைக் கண்டு குரைத்ததா, நரியைக் கண்டு குரைத்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. விடியும்வரை யாரும் எங்களிடம் வரவில்லை. அவ்வளவுதான் தெரியும்.

பின்னாளில் தோட்டப் பாடசாலையில் ஆசிரியனானேன். பிள்ளைகளுக்குப் பெரியபுராணம் நடத்தும்போதெல்லாம் கன்னி வேட்டைப் பகுதியில் சற்று அதிகமாகவே நின்றுவிடுவேன். ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது.

இப்போது கேளையாட்டையும் சருகுமானையும் கொல்வது சட்டப்படி குற்றம். 1937-ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் அவற்றைக் காக்கின்றன. ஆனால் கம்பி இன்னும் காட்டில் இருக்கிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டமொன்றில், பன்றிக்கு வைக்கிற மாதிரியான கண்ணியில் அபூர்வமான கருஞ்சிறுத்தை ஒன்று சிக்கியது; சில நாட்களில் இறந்தது. அந்தச் செய்தியைப் படித்த காலையில் நான் என் உள்ளங்கையைப் பார்த்துக் கொண்டிருந்தேன். கம்பியை வைத்தவனைத் திட்ட வாய் வரவில்லை. கம்பிக்கு ஆள் தெரியாது. மானுக்கென்று வைத்தால் மனிதர் விழுவார். பன்றிக்கென்று வைத்தால் சிறுத்தை விழும். வைத்தவன் அப்போது வீட்டில் தூங்கிக் கொண்டிருப்பான். வில்லெடுத்த பாண்டு தான் எய்ததை நேரில் கண்டான். சாபத்தையும் நேரில் ஏற்றான். கண்ணி வைத்தவனுக்கு அந்தப் பொறுப்புக்கூட இல்லை. என் வேட்டையில் நான் வெட்கப்படுவது அது ஒன்றுக்குத்தான்.

மானைத் தேடிப் போனேன். மான் கிடைக்கவில்லை. காது கிடைத்தது, கால் கிடைத்தது, ஒரு பலாக்காய்க் கறியும் ஓர் அண்ணனும் கிடைத்தார்கள். இந்த வயதிலும் எஹலியகொடைப் பக்கம் போனால் அந்தி நேரத்தில் தோட்டத்து மேட்டில் போய் நிற்பேன். சில நாள் அது குரைக்கும். எதையோ தவறாகச் செய்துவிட்டேன் போலும் என்று நினைத்து, அசையாமல் நின்று கொள்வேன்.